மதிலைத் தாண்டும் பூக்கள்

புதுவீட்டுத் தோட்டத்துக்குச் செடி வாங்கப் போகிறவர்கள் விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் அழகுக்காக நடும் சில செடிகள் நம்மோடு நிற்பதில்லை. ஏரிக்கும் ஓடைக்கும் காட்டுக்கும் போய்விடுகின்றன. போனவற்றைத் திரும்ப அழைக்க யாராலும் முடிந்ததில்லை.

கிரகப்பிரவேசம் முடிந்துவிட்டது. பால் காய்ச்சியாயிற்று, சொந்தபந்தம் ஊருக்குக் கிளம்பியாயிற்று, பெயின்ட் வாசனை மட்டும் மிச்சம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே செம்மண் கொட்டி நிரவிய கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நர்சரிக்குப் போகிறார்கள். செடிக்காரர் ஒவ்வொரு பையாகத் தூக்கிக் காட்டுகிறார். “இது வருஷம் பூரா பூக்கும் சார். தண்ணி ரொம்பக் கேட்காது. ஆடு மாடு வாய் வைக்காது. வெட்டிவிட்டாலும் பத்தே நாள்ல துளிர்த்துரும்.”

அவர் பொய் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை. ஆனால் இதே நான்கு குணங்களை முதுமலைக் காட்டில் களை எடுக்கும் ஒருவரிடம் கேட்டால், அவற்றைக் குற்றப்பட்டியலாகச் சொல்வார். வருஷம் முழுக்கப் பூப்பதால் வருஷம் முழுக்க விதை விழுகிறது. தண்ணீர் கேட்காததால் வறண்ட சரிவிலும் வேர் பிடிக்கிறது. மான் தின்னாது, யானை தின்னாது. வெட்டினால் ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கிறது.

‘பராமரிப்பே வேண்டாம்’ என்பது தோட்டக்காரருக்குச் சொல்லப்படும் பாராட்டு. மதிலுக்கு வெளியே அதற்கு வேறு அர்த்தம்: அந்தச் செடிக்கு நாம் தேவையில்லை. நம் உதவி இல்லாமல் வாழத் தெரிந்த ஒரு வெளிநாட்டுச் செடி, நம் அனுமதி இல்லாமலும் வாழும். இன்று நம் காடுகளையும் நீர்நிலைகளையும் மூடிக் கிடப்பவற்றில் பல, யாரோ ஒருவர் ஆசையோடு தொட்டியில் வளர்த்த அழகுச் செடிகள்தாம்.

பூங்காவில் தொடங்கிய புதர்

உண்ணிச்செடியைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. சாலையோரம், ரயில் பாதையோரம், மலையடிவாரம் எங்கும் நிற்கும். மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகக் கொத்துப் பூ, கசக்கினால் நெடி அடிக்கும் சொரசொர இலை, பழுத்தால் கருநீலமாகும் குட்டிப் பழம். ஊரின் பூர்விகச் செடி போலவே தோன்றும் இது, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இதன் நிறங்களில் மயங்கி விதவிதமாகக் கலப்பினம் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. வேலிக்கு நல்லது என்று கன்டோன்மென்ட் பங்களாக்களுக்கும் தோட்டங்களுக்கும் போனது. 1826இல் இலங்கைக்கும் சென்றது.

மீதி வேலையைப் பறவைகள் பார்த்துக்கொண்டன. ஒரே செடி ஆண்டுக்குப் 12,000 பழம் வரை தரக்கூடியது. கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று, போகிற இடமெல்லாம் விதையைப் போட்டன. இலையில் உள்ள நஞ்சு ஈரலைத் தாக்கும். தின்ற மாட்டின் தோல் வெயில் பட்டால் வெந்து புண்ணாகும். அதனால் மேய்ச்சல் விலங்குகள் ஒதுங்கிக்கொண்டன, செடிக்குத் தடையே இல்லாமல் போயிற்று.

இந்திய வனஉயிரின நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் உண்ணிச்செடி பரவியிருக்கிறது. பரப்பளவு சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். ஒரு பூங்காவின் பாத்தியில் தொடங்கிய செடி, இருநூறு ஆண்டில் ஒரு மாநிலத்தைவிடப் பெரிய நிலத்துக்குப் பரவிவிட்டது.

அந்தப் புதருக்கு அடியில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத காட்டில் மானுக்கு இரை குறைகிறது, மான் குறைந்தால் புலிக்கும் சிறுத்தைக்கும் குறைகிறது. யானை தன் பழைய தடத்தில் நடக்க முடியாமல் வேறு வழி தேடுகிறது. கோடையில் காய்ந்த உண்ணித் தண்டுகள், தரையோடு போகிற தீயை மரக்கிளைக்கு ஏற்றிவிடுகின்றன. காட்டோரக் கிராமத்தில் விலங்கு வந்துவிட்டது என்று செய்தி படிக்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இந்தப் புதரும் ஒன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கூடலூர்ப் பகுதியில் பணியர், குறும்பர் போன்ற பழங்குடிக் கலைஞர்கள், உண்ணித் தண்டைக் கொதிக்கவைத்து வளைத்து, ஆள் உயர யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்று உலகின் கவனத்தை ஈர்த்தன. கேட்டை வாழ்வாதாரமாக மாற்றிய அருமையான கைத்திறன் அது. ஆனாலும் 1,54,000 சதுர கிலோமீட்டரை எந்தக் கைத்திறனாலும் காலி செய்ய முடியாது.

மலைக்கு வந்த மஞ்சள்கள்

நீலகிரிக்கு வந்த செடிகளின் கதை வேறு. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கமாக மலையேறினார். சில ஆண்டுகளில் உதகை வெள்ளைக்காரர்களின் கோடை வீடானது. ஊரை நினைத்து ஏங்கியவர்கள் ஊர்ச் செடிகளைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றி நட்டார்கள். அப்படி வந்தவை கார்ஸ் என்னும் முட்புதரும் ஸ்காட்ச் புரூம் என்னும் புதரும். இரண்டுக்கும் பளிச்சென்ற மஞ்சள் பூ. இரண்டும் பங்களா வேலியைத் தாண்டிப் புல்வெளிக்குப் போயின. கார்ஸ் விதை மண்ணுக்குள் முப்பது ஆண்டுகூட உயிரோடு காத்திருக்கும். சோலைக்கும் புல்வெளிக்கும் பெயர் பெற்ற மலை அது. மழையைப் பிடித்து வைத்து, சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுக்கும் புல்வெளி. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம். அதில் முட்புதர் ஏறிய இடத்தில் எருமையும் மேயாது, வரையாடும் மேயாது. இலங்கையின் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதே கார்ஸ் இதே வேலையைச் செய்திருக்கிறது.

மலைக்கு வந்தது மஞ்சள் என்றால், நீர்நிலைகளுக்கு வந்தது ஊதா. ஆகாயத்தாமரை என்று நம் ஊர்களில் சொல்லப்படும், ஊதாப் பூப் பூக்கும் நீர்ச்செடி, அமேசான் படுகையில் பிறந்தது. அதன் பூவைப் பார்த்து மயங்காதவர் இல்லை. மயிற்கண் போல் ஒரு மஞ்சள் பொட்டு நடுவில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தின் குளங்களுக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. இலங்கைக்கு ஓர் ஆங்கிலேய ஆளுநரின் மனைவி பூவின் அழகுக்காக வரவழைத்ததாகச் சொல்வார்கள். சில ஆண்டுகளிலேயே வாய்க்காலும் வயலும் அடைபட்டு, 1909இல் அதை ஒழிக்கத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. நல்ல வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் தன் பரப்பை இரட்டிப்பாக்கும் செடி இது. கோவையின் குளங்களிலும், தாமிரபரணியிலும், சென்னையின் அடையாறு, கூவத்திலும் ஆண்டுதோறும் பொக்லைன் வைத்து அள்ளுகிறார்கள். அடுத்த ஆண்டும் அள்ளுகிறார்கள்.

நம் காலத்துக் கதை முதுமலையில் நடக்கிறது. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மஞ்சள் கொன்றை, தென் அமெரிக்க மரம். நிழலுக்கும் அழகுக்கும் என்று நடப்பட்டது. பக்கத்து வயநாட்டில் 1980களில் வனத்துறையே நட்டது. நட்டபோது யாரும் கெட்ட எண்ணத்தில் நடவில்லை. பல ஆண்டுகள் அது சாதுவாகத்தான் நின்றது. பிறகு விதைகள் பெருகி, ஒரு கட்டத்தில் காட்டுக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. வெட்டினால் அடிமரத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கிறது. இன்று சென்னை உயர் நீதிமன்றம் இதன் அகற்றத்தைக் கண்காணிக்கிறது. வெட்டிய மரத்தைக் கரூரின் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கூழாக்குகிறது.

ஏன் இங்கே மட்டும் இப்படி?

உண்ணிச்செடி அதன் தாய்மண்ணில் இப்படி ஆட்டம் போடுவதில்லை. காரணம் எளிது. அங்கே அதன் இலையைத் துளைக்கும் பூச்சி உண்டு, பூவை அரிக்கும் புழு உண்டு, வேரை அழுகவைக்கும் பூஞ்சை உண்டு, போட்டியிடும் அண்டைச் செடி உண்டு. பல ஆயிரம் ஆண்டுகள் ஒன்றோடு ஒன்று மோதி ஒரு சமநிலை வந்திருக்கிறது. கப்பலில் வந்தது செடி மட்டும். எதிரிகள் அங்கேயே நின்றுவிட்டன.

அப்படியானால் எதிரியையும் வரவழைத்தால் என்ன என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள், செய்தும் பார்த்திருக்கிறார்கள். தென் தமிழகத்தின் காடு கழனிகளை ஒரு காலத்தில் சப்பாத்திக்கள்ளி மூடிக் கிடந்தது. 1926இல் இலங்கை வழியாக வந்த ஒரு செதில்பூச்சி, சில ஆண்டுகளில் அதைத் தின்று தீர்த்தது. உலகம் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் வெற்றி அது. அதே நம்பிக்கையில் 1941இல் உண்ணிச்செடிக்கும் ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அது உண்ணியை அடக்கவில்லை. ஆகாயத்தாமரைக்கு 1980களில் பெங்களூரில் கூன்வண்டுகளை விட்டார்கள். சில ஏரிகளில் நல்ல பலன் கிடைத்தது, பல இடங்களில் பொக்லைன் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பூச்சி வந்து காப்பாற்றும் என்று நம்பிச் செடி நட முடியாது.

இன்னொன்று, இது உடனே தெரியும் கேடல்ல. வந்த செடி பல பத்தாண்டுகள் அடக்கமாக இருந்துவிட்டு, பிறகு திடீரெனப் பெருகும். ‘எங்க வீட்டுல இருபது வருஷமா இருக்கு, எங்கயும் பரவலையே’ என்று சொல்வதில் நிம்மதி கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். முதுமலையின் மஞ்சள் கொன்றைக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் நற்சான்று கொடுத்திருப்பார்கள்.

பல்லுயிர்ச் சூழல் பற்றிய ஐ.நா. சார்ந்த அறிவியல் அமைப்பான ஐபிபிஇஎஸ் 2023இல் வெளியிட்ட அறிக்கை, மனிதர்கள் இடம் மாற்றிய உயிரினங்கள் 37,000க்கும் மேல் என்கிறது. அவற்றில் கேடு செய்பவை 3,500க்கும் மேல். 2019இல் மட்டும் இவற்றால் உலகுக்கு ஏற்பட்ட இழப்பு 423 பில்லியன் டாலரைத் தாண்டியது. பதிவான உயிரின அழிவுகளில் 60 விழுக்காட்டில் இவற்றின் கை இருக்கிறது. செடிகள் இப்படிப் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று அலங்காரத் தோட்டக்கலை.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை சாதுவானவை. ஆகவே தோட்டம் போடுவதை விடவேண்டியதில்லை. கேடு செய்யும் சிலவற்றை மட்டும் அடையாளம் கண்டு, வாங்காமல் வந்தால் போதும்.

வெளிநாட்டுச் செடி என்பதே குற்றமா?

கண்டிப்பாக இல்லை. பூஜைக்கும் மாலைக்கும் நாம் கட்டும் செண்டுமல்லி மெக்சிகோ மண்ணுக்குரியது. மதில் மேல் வழியும் காகிதப்பூ தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. மிளகாயும் தக்காளியும்கூட அப்படித்தான். செண்டுமல்லி நாம் விதைக்காவிட்டால் காட்டைப் பிடிக்கப் போவதில்லை. காகிதப்பூ இங்கே பெரும்பாலும் விதையே கட்டுவதில்லை. இவற்றின் மேல் யாருக்கும் வழக்கு இல்லை.

நம் செடிகளும் வேறு மண்ணில் கேடு செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். மூலனூர், வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிராகும் மருந்துச் செடி. இங்கே வேலியில் ஏறி அடக்கமாகப் பூக்கும் அதே செங்காந்தள், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் ஆக்கிரமிப்புக் களை. தோட்டத்து அழகுக்காகக் கொண்டுபோனதுதான் அங்கேயும் நடந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டில் செங்காந்தள் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அது தமிழர் பூவுக்கு அவமதிப்பு ஆகாது, அவர் தன் கடற்கரைக்குக் காட்டும் அக்கறை. அதே அக்கறையை நாம் நம் ஏரிக்கும் மலைக்கும் காட்ட வேண்டும்.

ஆகவே செடியின் பிறந்த ஊரைவிட, அதன் நடத்தையைத்தான் விசாரிக்க வேண்டும்.

நர்சரியில் இன்று நிற்பவை

எவை எவை என்று பெயர் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரையால் பயனில்லை.

வெடேலியா: அபார்ட்மென்ட் வாசல்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் பச்சைக் கம்பளமாக விரிந்து, மஞ்சள் பூப் பூக்கும் தரைச்செடி. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இடம்பெற்றது. விதையே வேண்டாம், ஒரு கணு மண்ணில் விழுந்தால் போதும். வெட்டிய கழிவை வாய்க்கால் ஓரம் கொட்டுகிறோம், அது வாய்க்கால் நெடுகப் படர்ந்துவிடுகிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள் உண்டு. இலையைப் பாருங்கள்: வெடேலியாவின் இலை அகன்று, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை பிளவில்லாமல் நீண்டிருக்கும்.

கலர் லண்டானா: உண்ணிச்செடியின் குட்டைக் கலப்பினங்கள், புதுப் பெயரில் வருகின்றன. விதை கட்டாத வகை என்று சொல்லியே விற்பார்கள். எல்லாமே அப்படியல்ல. விதை கட்டாத செடியின் மகரந்தமும் வெளியே நிற்கும் காட்டு உண்ணிக்குப் போகலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோட்டத்து லண்டானாவின் மகரந்தம் அந்த மண்ணுக்கே உரிய அரிய லண்டானாவோடு கலந்து, அதன் தனித்தன்மையைக் குலைத்திருக்கிறது.

மெக்சிகன் பெட்டூனியா: ஒல்லியான இலை, ஊதாப் பூ, வரிசையாக நட்டால் அழகு. இதன் உறவுச்செடி நம் பள்ளிக்கூட மைதானத்திலேயே உண்டு. காய்ந்த காயை எச்சில் தொட்டுப் போட்டால் ‘பட்’டென்று வெடிக்குமே, அந்தக் கிரந்திநாயகம். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். பெட்டூனியாவின் காயும் அப்படியே ஈரம் பட்டால் வெடித்து விதையைத் தூர எறியும். ஓடைக்கரை ஈரத்தில் கூட்டம் கூட்டமாக முளைக்கும்.

கொடி ரோஸ்: இளஞ்சிவப்புச் சரமாகப் பூக்கும் மெக்சிகோக் கொடி. மண்ணுக்குள் கிழங்கு வைக்கும், மேலே எத்தனை முறை வெட்டினாலும் கீழிருந்து வரும். காலி மனையில் விட்டால் மரத்தையே மூடும்.

சொர்ணபட்டி: மஞ்சள் மணிப்பூ. காற்றில் பறக்கும் மெல்லிய இறக்கை விதை. தென்னாப்பிரிக்காவில் ஆக்கிரமிப்புச் செடி என்று சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது.

மஞ்சள் கொன்றை: முதுமலையில் நிற்கும் அதே மரம். சரக்கொன்றை என்று நினைத்து ஏமாறக் கூடாது. சரக்கொன்றையின் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும். இதன் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும்.

நீர்த்தொட்டிச் செடிகள்: ஆகாயத்தாமரை, சால்வீனியா போன்றவை. மீன் தொட்டிக் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. தொட்டியைக் கழுவிய தண்ணீரோடு ஒரு துண்டு சாக்கடைக்குப் போனால், அடுத்த மழையில் அது ஏரிக்குப் போகும்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

பட்டியல் முழுமையானதல்ல. ஆண்டுதோறும் ஆந்திராவின் கடியத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுப்புதுச் செடிகள் லாரியில் வந்து இறங்கும். பெயர் தெரியாத செடியின் முன் நிற்கும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. நடாமலே முளைக்கிறதா? நர்சரியின் நடைபாதை இடுக்கில் அதே செடியின் கன்றுகள் தெரிந்தால், பதில் கிடைத்துவிட்டது.

2. பறவை விரும்பித் தின்னும் பழம் உண்டா?

3. விதை வெடித்துத் தெறிக்குமா, காற்றில் பறக்குமா?

4. ஒடிந்த தண்டு தானே வேர் விடுமா? மண்ணுக்குள் கிழங்கோ ஓடுதண்டோ உண்டா?

5. என் வீட்டிலிருந்து ஓடை, ஏரி, காடு எவ்வளவு தூரம்?

செடி வெளிநாட்டினதாக இருந்து, முதல் நான்கில் இரண்டுக்கு ‘ஆம்’ வந்தால், வேறு செடி பாருங்கள். கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ வீடு கட்டியவர்கள், ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலே விட்டுவிடுவது நல்லது. காடு அவர்களின் மதிலுக்கு வெளியிலேயே தொடங்குகிறது. மாடித்தோட்டம்தானே என்றும் இருக்க முடியாது. பறவைக்கும் காற்றுக்கும் மாடி எட்டாத உயரமில்லை.

கனகாம்பரக் காயும் மழை பட்டால் வெடிக்கிறதே என்று கேட்கத் தோன்றும். வெடிக்கிறது. ஆனால் கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. அதைத் தின்னும் புழுவும் அதோடு போட்டியிடும் செடியும் இங்கேயே உண்டு. இந்த மண்ணில் பிறந்த செடிக்கு வேலி போட இந்த மண்ணுக்குத் தெரியும். அதனால்தான் முதலில் செடி வெளிநாட்டினதா என்று பார்த்துவிட்டு, பிறகு இந்தக் கேள்விகளுக்கு வர வேண்டும்.

எதற்குப் பதில் எது?

இழப்பு ஒன்றும் இல்லை என்பதை இந்தப் பட்டியல் சொல்லும்.

வேலிக்கு: லண்டானாவுக்குப் பதில் நொச்சி, ஆடாதொடை. இரண்டையும் ஆடு மாடு சீண்டாது. கொங்கு நாட்டுக் காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி, பல தலைமுறையின் அனுபவம். பூ வேலி வேண்டுமென்றால் வெட்சி.

தரை விரிப்புக்கு: வெடேலியாவுக்குப் பதில் மஞ்சள் கரிசலாங்கண்ணி, பொடுதலை. வெயில் பட்ட இடத்தில் நீலப் பூவோடு விஷ்ணுகிராந்தி. ஈரமான மூலையில் வல்லாரை.

ஊதா வரிசைக்கு: மெக்சிகன் பெட்டூனியாவுக்குப் பதில் டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, கோடு போட்டது என்று நம் பாட்டிமார் தலையில் வைத்த அத்தனை நிறமும் உண்டு.

கொடிக்கு: கொடி ரோஸுக்குப் பதில் முல்லை, காட்டுமல்லி, சங்குப்பூ. குழந்தைகள் கிழங்கில் வாய் வைக்காத இடமாக இருந்தால் செங்காந்தள்.

மஞ்சள் பூவுக்கு: சொர்ணபட்டிக்கும் மஞ்சள் கொன்றைக்கும் பதில், சின்ன இடத்தில் ஆவாரை, பெரிய இடத்தில் சரக்கொன்றை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைத் தேடி அலையவும் வேண்டாம்.

நீர்த்தொட்டிக்கு: ஆகாயத்தாமரைக்குப் பதில் அல்லி, தாமரை.

இதில் பட்டாம்பூச்சி பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லண்டானா வைத்தால் பட்டாம்பூச்சி வரும் என்று பலர் அதை நடுகிறார்கள். வரும், தேன் குடிக்கும், போய்விடும். முட்டையிட அவற்றுக்கு வேறு செடி வேண்டும், ஏனென்றால் புழு தின்பது இலை. சரக்கொன்றையில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பெரிய கரும்பட்டாம்பூச்சிகளின் புழு வளரும். டிசம்பர் பூவின் குடும்பத்துச் செடிகளில் கண் பொட்டு வைத்த பழுப்பு நிறப் பட்டாம்பூச்சிகள் பிறக்கும். ஈஸ்வரமூலிக் கொடி ஒன்று இருந்தால், சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாக ஒரு பேரழகு உங்கள் வீட்டிலேயே பிறக்கும். பட்டாம்பூச்சி நம் தோட்டத்துக்கு விருந்தாளியாக வந்து போவதற்கும், நம் தோட்டத்திலேயே பிறந்து வளர்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குழந்தைக்குக் காட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

பதற்றம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். பூத்துக் காய்ப்பதற்கு முன், மழைக்காலம் தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். உண்ணிச்செடியைத் தரையோடு வெட்டினால் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் அவர் குழுவினரும் வகுத்த முறை, காடுகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. மண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே, தண்டு வேராக மாறும் இடத்தில் வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டு உலரவிடுவது. கிழங்கு வைக்கும் கொடியென்றால் கிழங்கைத் தோண்டி எடுக்காமல் வேலை முடியாது.

எடுத்ததை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். காலி மனையிலோ ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ கொட்டினால், நாமே நட்டது போலத்தான். சிமென்ட் தரையில் வெயிலில் போட்டு, முறுக்கினால் ஒடியும் அளவுக்குக் காயவிட்டு, பிறகு குப்பைக்குக் கொடுங்கள். பழமும் விதையும் இருந்தால் தனியாகப் பையில் கட்டுங்கள். எடுத்த இடத்தைச் சும்மா விடாதீர்கள். அங்கே உடனே ஒரு நாட்டுச் செடியை நடுங்கள், இல்லையென்றால் மண்ணில் காத்திருக்கும் பழைய விதையே அந்த இடத்தைப் பிடிக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள்.

அரசு என்ன செய்கிறது, நாம் என்ன கேட்க வேண்டும்?

தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்டெடுப்புக்கும் என்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம், ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல், பரவல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. 2030க்குள் இத்தகைய உயிரினங்களின் வரவைப் பாதியாகக் குறைப்பதாக உலக நாடுகள் 2022இல் மான்ட்ரியலில் ஒப்புக்கொண்டன, இந்தியாவும் அதில் உண்டு.

காட்டில் களை எடுப்பதற்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கையாவது நர்சரி வாசலுக்குக் கொடுக்க வேண்டும். காட்டிலிருந்து அகற்ற ஆட்கள், ஆண்டுகள், கோடிகள் வேண்டும். நர்சரியில் தடுக்க ஒரு சீட்டு போதும். ‘இது பரவும் இயல்புள்ள செடி’ என்று தொட்டியில் ஒட்டிய ஒரு சீட்டு. தென்னாப்பிரிக்கா பட்டியலிட்ட செடிகளின் விற்பனையையே தடுத்திருக்கிறது. நாமும் நம் மண்ணுக்கு ஏற்ற பட்டியலைத் தயாரித்து நர்சரிகளில் தொங்கவிடலாம். அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் நொச்சியையும் வெட்சியையும் டிசம்பரையும் மலிவாகக் கொடுத்து வழிகாட்டலாம். வெடேலியா விரிக்கும் நகராட்சிப் பூங்காக்களும் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளும் முதலில் மாறலாம். அபார்ட்மென்ட் சங்கங்கள் தோட்டக் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்.

செடிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பிழைப்பு விற்பனையில் இருக்கிறது, வாங்குகிறவர் எதைக் கேட்கிறாரோ அதைப் பதியன் போடுகிறார். நாட்டுச் செடி கேட்டு வருகிறவர்கள் நர்சரியில் குறைவு, அதனால் அவை மூலையில் இருக்கின்றன. இந்த ஞாயிறு நீங்கள் போய் நிற்கும்போது, ‘வெட்சி இருக்கா, நொச்சி இருக்கா, ஊதா டிசம்பர் இருக்கா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் வரவழைப்பார். நூறு பேர் கேட்டால் முன்வரிசையில் வைப்பார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் உண்ணிச்செடியை ஆசையாக நட்டவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நடுகிற முதல் தலைமுறைக்கு அதற்கேற்ற பொறுப்பும் உண்டு.